மொபைல், ஒயர்லெஸ் மாநாட்டுக்கு ஒர்க்‌ஷாப் முன்மொழிவு: வரைவைப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள்

துணைஅலை:

வணக்கம். மொபிகாம், மொபிசிஸ் போன்ற மாநாடுகளில் முதன்மை நிகழ்ச்சியை ஒட்டி ஒர்க்‌ஷாப்கள் நடக்குமல்லவா, அப்படி ஒன்றை நடத்தலாம் என்று மூன்று பேர் யோசிக்கிறோம். நான் அண்மையில் முனைவர் பட்டம் முடித்தவன். இன்னொருவர் பேராசிரியர். மூன்றாமவர் ஒரு சிப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார். மூவரும் மூன்று நாடு.

தலைப்பு இப்போதைக்கு "ஒயர்லெஸ் உணர்தலும் அதன் பயன்பாடுகளும்". அதாவது, அறையில் பரவியிருக்கும் வை-ஃபை அலையை வைத்தே ஆள் இருக்கிறாரா, நடக்கிறாரா, மூச்சு எப்படிப் போகிறது என்று கண்டுபிடிக்கும் துறை. பேசுபொருள் பட்டியலில் வை-ஃபை, மில்லிமீட்டர் அலை ரேடார், ஆர்எஃப்ஐடி, அல்ட்ரா வைட்பேண்ட், ஒலிவழி உணர்தல், 6ஜி, எட்ஜ் ஏஐ, தனியுரிமை, முதியோர் பராமரிப்பு எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறோம்.

மாநாட்டின் அழைப்பில் நோக்கம், அமைப்பாளர்கள், உத்தேச நிகழ்ச்சிக் குழு (கட்டுரைகளை மதிப்பாய்வு செய்பவர்கள்), எத்தனை கட்டுரை வரும், எத்தனை பேர் வருவார்கள், அரை நாளா முழு நாளா, எப்படி விளம்பரம் செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். பட்டியல் போதுமா? கட்டுரை எண்ணிக்கையை எப்படி மதிப்பிடுவது? கட்டுரைகளைக் கணினித் துறைச் சங்கமான ஏசிஎம்மின் மாநாட்டுத் தொகுப்பில் வெளியிடுவதா வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் வெட்டி ஒட்டுங்கள்.

பழைய_ஆண்டெனா:

ஒர்க்‌ஷாப் சேராக இருந்து (அதாவது எதை ஏற்பது என்று முடிவு செய்யும் பொறுப்பாளராக) இந்த மாதிரி முன்மொழிவுகளைக் கட்டாகப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் பட்டியல் நன்றாக இருக்கிறது, அதுதான் சிக்கல். அதை அப்படியே எடுத்து முதன்மை மாநாட்டின் அழைப்பில் ஒட்டினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. மில்லிமீட்டர் அலையில் நல்ல கட்டுரை வைத்திருப்பவர் மொபிகாமுக்கு அனுப்புவார். அங்கே தேறவில்லையா, சென்சிஸ் இருக்கிறது, யுபிகாம் இருக்கிறது. உங்களிடம் ஏன் வர வேண்டும்?

பழைய கதை கொஞ்சம். 2002இல் அட்லாண்டாவில் மொபிகாமோடு சேர்ந்து சென்சர் நெட்வொர்க்குகளுக்கென்று ஒரு ஒர்க்‌ஷாப் நடந்தது, டபிள்யூஎஸ்என்ஏ. கிரேட் டக் தீவில் கடற்பறவைக் கூடுகளைக் கவனிக்க 32 சென்சர் கணுக்களை வைத்த கட்டுரை அங்கேதான் வந்தது. அந்தத் துறையில் இருப்பவர்களில் அதை மேற்கோள் காட்டாதவர்களைத் தேட வேண்டும். அடுத்த ஆண்டே சென்சிஸ் தனி மாநாடாகத் தொடங்கியது. 2004இல் ஃபிலடெல்ஃபியாவில் வாகன நெட்வொர்க்குகளுக்கு வேனட் வந்தது. நெட்வொர்க் மாநாடான சிக்காம் பக்கம் 2012இல், மென்பொருளால் கட்டுப்படுத்தும் நெட்வொர்க்குகளுக்கு ஹாட்எஸ்டிஎன். 2015இல் அதன் இடத்தில் எஸ்ஓஎஸ்ஆர் என்ற தனிக் கருத்தரங்கே வந்துவிட்டது. இன்று எல்லோரும் மதிக்கும் ஹாட்மொபைல்கூட 1994இல் ஒர்க்‌ஷாப்பாகத் தொடங்கியதுதான், முதல் மொபிகாமுக்கு ஓராண்டு முன்பு.

இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒன்று: அந்த வேலையைச் செய்தவர்களுக்கு அப்போது போக இடமில்லை. பெரிய மாநாட்டு மதிப்பாய்வாளருக்கு அது "இன்னும் முதிராத" விஷயம். வை-ஃபை உணர்தலுக்கு அப்படியா? பத்தாண்டுக்கு மேலாகக் கட்டுரை வந்துகொண்டிருக்கிறது. 802.11பிஎஃப் என்று தரநிலையே வந்துவிட்டது. ஆகவே துறையின் பெயரைச் சொல்லாதீர்கள். இந்தத் துறையில் எந்த வேலைக்கு இன்னும் வீடில்லை என்று கண்டுபிடித்து, அதைச் சொல்லுங்கள்.

துணைஅலை:

நன்றி சார். அப்படிக் கேட்டால் எனக்கு உடனே தோன்றுவது ஒன்றுதான்: ஓர் அறையில் பயிற்சி கொடுத்த ஏஐ மாடல் இன்னோர் அறையில் படுத்துவிடுகிறது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக: வை-ஃபை சிப், ஒவ்வொரு துணை அலைவரிசையிலும் சிக்னல் எவ்வளவு வலுவாக, என்ன கட்டத்தில் (ஃபேஸ், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எங்கே இருக்கிறது) வந்தது என்று அளக்கிறது. இதுதான் சிஎஸ்ஐ. 2011இல் இன்டெல் 5300 கார்டுக்கு வந்த கருவிதான் இதைப் பல ஆய்வகங்களுக்குத் திறந்துவிட்டது. 30 துணை அலைவரிசைத் தொகுதிகளுக்கு மதிப்பு கொடுக்கும். பிறகு நெக்ஸ்மான் மென்பொருள், ஈஎஸ்பி32 சிப் என்று வழிகள் கூடின. 5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். சுவர், மேசை, ஆள் எல்லாவற்றிலும் பட்டு வரும் அலைகளின் கூட்டுத்தொகையைத்தான் நாம் பார்க்கிறோம். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினால் அந்தக் கூட்டல் மாறிவிடும். மாடல் கற்றது கை அசைவையா, அந்த அறையின் நாற்காலிகளையா என்று யாருக்குத் தெரியும்?

கட்டுரைகளில் இது கடைசிப் பக்கத்து "வரம்புகள்" பகுதியில் ஒரு வரியோடு போய்விடும். தோல்வியைப் பற்றியே ஒரு ஒர்க்‌ஷாப் வைத்தால்?

கடைசிமைல்:

எதிர்க்கருத்து. தோல்வி முடிவுகளுக்கான ஒர்க்‌ஷாப் என்றால் எல்லோரும் கை தட்டுவார்கள், யாரும் கட்டுரை அனுப்ப மாட்டார்கள். மாணவனுக்கு அடுத்த ஆண்டு வேலை தேட வேண்டும். வழிகாட்டிக்கு அடுத்த நிதி வேண்டும். "எங்கள் முறை வேலை செய்யவில்லை" என்று தன் பெயரில் அச்சேற்ற யார் முன்வருவார்?

இன்னொன்றும் இருக்கிறது. "அறை மாறினாலும் வேலை செய்யும்" என்று சொல்லும் கட்டுரைகள் ஏற்கனவே உள்ளன. 2019 மொபிசிஸில் வந்த விடார் 3.0 அதைத்தான் சொன்னது; சிக்னலை நேரடியாகக் கொடுக்காமல், உடலின் திசையிலிருந்து பார்த்த வேகமாக மாற்றி மாடலுக்குக் கொடுத்தார்கள். தரவையும் வெளியிட்டார்கள். மதிப்பாய்வில் ஒருவர் "இது தீர்ந்த பிரச்சினை" என்று எழுதினால் என்ன பதில்?

துணைஅலை:

அவர்கள் அளந்தது அவர்களுடைய அறைகளில், அவர்களுடைய கார்டில். நல்ல வேலை, சந்தேகமில்லை. ஆனால் இன்டெல் 5300இல் பயிற்சி பெற்றதை ஈஎஸ்பி32இல் ஓட்டிப் பாருங்கள். அனுப்பும் கருவியும் வாங்கும் கருவியும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதில்லை, அதனால் கட்டம் பாக்கெட்டுக்குப் பாக்கெட்டு நழுவும். சிக்னலைத் தானே கூட்டிக் குறைக்கும் தானியங்கி கெயின் கட்டுப்பாடு வீச்சை மாற்றும். ஒவ்வொரு சிப்பும் இதை ஒவ்வொரு விதமாகச் செய்கிறது. ஒருவர் தீர்த்ததாகச் சொன்னதை வேறொருவர் வேறு இடத்தில் சோதிக்க வழியே இல்லை என்பதுதான் என் குறை.

கடைசிமைல்:

ஆஹா, இப்போது சொன்னீர்களே, இதை எழுதுங்கள். "தோல்வி" என்ற சொல்லைத் தூக்கிவிட்டு "வேறொருவர் அறையில் சோதனை" என்று வையுங்கள். அதற்குக் கட்டுரை வரும். அவனவன் மற்றவன் மாடலைச் சோதிக்க ஆசையாகத்தான் இருக்கிறான்.

நிலா_64:

நான் நாட்காட்டி பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் பலர் இதைக் கடைசியில் யோசித்து மாட்டிக்கொள்கிறார்கள்.

பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். கேமரா-ரெடி நாளை, அதாவது அச்சுக்கான இறுதி வடிவம் தர வேண்டிய நாளை, மாநாடும் பதிப்பாளரும் சேர்ந்து முடிவு செய்வார்கள், அதை உங்களால் ஒரு நாள்கூட நகர்த்த முடியாது. அதற்கு முன்னால் கட்டுரையாளருக்குத் திருத்த இரண்டு வாரமாவது வேண்டும். அதற்கு முன்னால் மதிப்பாய்வுக்கு மூன்று வாரம். முடிவு அறிவிக்கும் நாள், சலுகைக் கட்டணப் பதிவு முடிவதற்கு முன்பாக இருக்க வேண்டும். விசா எடுக்க வேண்டியவர்களையும் நினையுங்கள். அழைப்புக் கடிதம் தாமதமானால் அந்தக் கட்டுரைக்கு மேடையில் ஆள் இருக்காது.

இப்படிப் பின்னோக்கி வந்தால் கட்டுரை அனுப்பும் கெடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அது முதன்மை மாநாட்டின் முடிவு வெளிவந்த பிறகு, கொஞ்ச நாள் இடைவெளியோடு விழுந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அங்கே தேறாதவற்றில் நல்ல பகுதியைச் சுருக்கி ஆறு பக்கமாக்கி அனுப்புவார்கள். முடிவு வருவதற்கு முன்பே விழுந்தால், ஒரே வேலையை இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்பதால் பலர் ஒதுங்கிவிடுவார்கள்.

அப்புறம், கெடுவை ஒரு வாரம் நீட்டிப்பீர்கள். எல்லோரும் நீட்டிக்கிறார்கள். அந்த வாரத்தை முதலிலேயே அட்டவணைக்குள் ஒளித்து வைத்துவிடுங்கள்.

எட்டாம்_அடுக்கு:

நிகழ்ச்சிக் குழு பற்றி. ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று மதிப்பாய்வு என்று வைத்தால் 20 கட்டுரைக்கு 60. குழுவில் 20 பேர் இருந்தால் ஆளுக்கு மூன்று, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஒரு டஜன் பேர் என்றால் ஆளுக்கு ஐந்து. அங்கேதான் மதிப்பாய்வு மூன்று வரியாகச் சுருங்கும்.

பெயர்களைப் போடுவதற்கு முன் அவரவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்காமல் பெரிய பெயர்களைப் போட்டு, அந்தப் பெரியவரே ஒர்க்‌ஷாப் சேருக்குப் பக்கத்து அறைக்காரராக இருந்து, "எனக்கே தெரியாதே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? பெரிய பெயர்கள் இரண்டு மூன்று போதும். மீதிக்கு முனைவர் பட்டம் முடித்துச் சில ஆண்டுகளே ஆனவர்களைப் பிடியுங்கள். உண்மையில் படித்து எழுதுபவர்கள் அவர்கள்தான்.

அமைப்பாளர்கள் தங்கள் ஒர்க்‌ஷாப்புக்கே கட்டுரை அனுப்பலாமா என்பதற்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். "மூவரும் அனுப்ப மாட்டோம், குழு உறுப்பினர் அனுப்பினால் ஹாட்சிஆர்பி என்ற மதிப்பாய்வு மென்பொருளில் நல முரண் என்று குறித்து, அந்தக் கட்டுரை அவர் கண்ணிலேயே படாமல் பார்த்துக்கொள்வோம்" என்றால் கேள்வியே வராது.

மின்மினி:

தொகுப்பில் வெளியிடுவது பற்றி யாரும் பேசவில்லையே. நான் மாணவி. என் பயம் இதுதான்: ஒர்க்‌ஷாப்பில் ஆறு பக்கம் போட்டுவிட்டால், பிறகு அதையே பெரிதாக்கி மொபிகாமுக்கு அனுப்பும்போது "ஏற்கனவே வந்துவிட்டதே" என்று தள்ளிவிடுவார்களா?

பழைய_ஆண்டெனா:

இந்தத் துறையில் பொதுவாக அப்படித் தள்ளுவதில்லை அம்மா. சிறிய ஒர்க்‌ஷாப் கட்டுரையைக் கணிசமான புதுச் சேர்க்கையோடு முழுக் கட்டுரையாக வளர்ப்பது வழக்கம்தான். ஆனால் "கணிசம்" என்பதை ஒவ்வொரு மாநாடும் தன் அழைப்பில் தனித்தனியாகச் சொல்லும். அனுப்பப் போகும் இடத்தின் விதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெயர் மறைத்த மதிப்பாய்வில் உங்கள் பழைய கட்டுரையை எப்படி மேற்கோள் காட்டுவது என்பதையும் அங்கேயே பாருங்கள்.

மின்மினி:

சரி சார். ஆனாலும் மதிப்பாய்வாளர் எல்லோரும் விதியைப் படித்துவிட்டா எழுதுகிறார்கள்?

பழைய_ஆண்டெனா:

அது நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை.

எட்டாம்_அடுக்கு:

இரண்டு வழியையும் திறந்து வையுங்களேன். விரும்புகிறவர் தொகுப்பில் ஆறு பக்கம் போடட்டும். வேண்டாதவர் இரண்டு பக்கச் சுருக்கத்தோடு வந்து பேசட்டும், அது தொகுப்பில் சேராது. இதைப் பதிப்பாளர் பொறுப்பில் உள்ள சேரிடம் முதலிலேயே கேளுங்கள். 2026 ஜனவரியிலிருந்து ஏசிஎம் வெளியீடுகள் முழுவதும் திறந்த வாசிப்புக்கு மாறிவிட்டதால், ஏசிஎம் ஓபன் என்ற திட்டத்தில் (நிறுவனமே மொத்தமாகக் கட்டணம் கட்டுவது) நிறுவனம் சேராத கட்டுரையாளருக்குக் கட்டணம் வருமா, வந்தால் எவ்வளவு என்பதையும் அழைப்பு எழுதுவதற்கு முன்பே தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு இந்தச் செய்தியைக் கேட்பவர் உங்களைத்தான் திட்டுவார்.

கடைசிமைல்:

எனக்கு இரவெல்லாம் ஒரு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. "வேறொருவர் அறை" என்றோமே, அந்த வேறொருவர் அறை ஒர்க்‌ஷாப் ஹாலாகவே இருந்தால்?

ஒவ்வொரு குழுவும் தன் ரிசீவரையும் பயிற்சி முடித்த மாடலையும் தூக்கிக்கொண்டு வரட்டும். யாரும் அதுவரை கால் வைக்காத ஹால். நடுவில் ஒருவர் நடக்கிறார், உட்காருகிறார், கையசைக்கிறார். யாருடைய திரை சரியாகச் சொல்கிறது என்று எல்லோரும் பார்க்கலாம். பன்னிரண்டு நிமிடப் பேச்சு, மூன்று நிமிடக் கேள்வி, அடுத்தவர் எழுந்து வா என்று ஒன்பது மணி முதல் ஐந்து மணி வரை ஓட்டும் குட்டி மாநாடு யாருக்கும் வேண்டாம். அதற்கு முதன்மை மாநாடே இருக்கிறது.

துணைஅலை:

இது பிரமாதம்! என் கூட்டாளிகள் இருவருக்கும் உடனே அனுப்பிவிட்டேன்.

ரவுட்டர்காரன்:

நல்ல யோசனைதான், ஆனால் மாநாடுகளில் நெட்வொர்க் அமைக்கும் பக்கம் இருந்து வருகிறேன், கொஞ்சம் தண்ணீர் ஊற்ற அனுமதியுங்கள்.

அந்த ஹாலின் மேல் ஏற்கனவே மாநாட்டு வை-ஃபை ஓடும். 5 கிகாஹெர்ட்ஸில் ஆக்சஸ் பாயிண்ட்டுகள் சேனல்களைப் பங்கு போட்டு வைத்திருக்கும். உங்கள் ஆட்கள் சிஎஸ்ஐக்காக வினாடிக்கு நூற்றுக்கணக்கில், சிலர் ஆயிரம் பாக்கெட் வரை அடிப்பார்கள். ஐந்து குழு ஒரே சேனலில் அடித்தால் ஒருவர் மற்றவருக்கு வழிவிட்டுக் காத்திருப்பதில் மாதிரி இடைவெளியே சீராக இருக்காது. மூச்சு அளக்கிறேன் என்பவர் அங்கேயே காலி. பக்கத்து அறை ஒர்க்‌ஷாப்பில் யாருடைய வீடியோவோ நின்று போனால் புகார் உங்கள் மேல்தான்.

ஆகவே: ஒரே ஒரு டிரான்ஸ்மிட்டரை அமைப்பாளர்கள் வையுங்கள். எல்லாக் குழுவும் அதையே கேட்டுக்கொள்ளட்டும், யாரும் தனியாக அனுப்ப வேண்டாம். சேனலை மாநாட்டு நெட்வொர்க் ஆட்களிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரேடாரைக் கண்டால் விலக வேண்டிய டிஎஃப்எஸ் சேனல்களைத் தொடாதீர்கள், சோதனையின் நடுவே சேனல் தாவினால் அத்தனையும் வீண். சேனல் 36 முதல் 48 வரை பார்க்கலாம், அங்கேயும் அந்நாட்டு விதியைச் சரிபார்த்துவிட்டு. முந்தைய நாள் மாலை ஹாலுக்குள் போக அனுமதி வேண்டும் என்று முன்மொழிவிலேயே ஒரு வரி போடுங்கள்.

மின்மினி:

அண்ணா, முந்தைய நாளே ஹாலுக்குள் விட்டால் அது "யாரும் பார்க்காத அறை" இல்லையே?

ரவுட்டர்காரன்:

கூர்மையான கண் அம்மா உனக்கு. சரி, அமைப்பாளர்கள் மட்டும் உள்ளே போகட்டும். காலையில் நாற்காலிகளையும் கலைத்துப் போடுங்கள்.

நிலா_64:

இன்னொன்று விட்டுப்போகிறது. அந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களின் மூச்சையும் நடையையும் கருவிகள் பதிவு செய்யப் போகின்றன. அவர்களிடம் சம்மதம்? கேமரா இல்லை என்பதால் தனியுரிமைச் சிக்கல் இல்லை என்று இந்தத் துறையில் எத்தனை பேர் எழுதுகிறார்கள்! தெரியாமலேயே அளக்கப்படுவதால்தான் இது கேமராவைவிடச் சங்கடமானது என்பது என் கருத்து.

சோதனை நேரத்தை அட்டவணையில் தனியாகக் காட்டுங்கள். வாசலில் அறிவிப்பு வையுங்கள். விருப்பமில்லாதவர் அந்த அரை மணி நேரம் வெளியே இருக்கலாம். நடுவில் நடப்பவர் எழுத்தில் சம்மதம் தரட்டும். அமைப்பாளர் நிறுவனத்தின் நெறிக்குழு ஒப்புதலை இப்போதே கேளுங்கள், அதற்கு எடுக்கும் காலம் உங்கள் கையில் இல்லை.

பதிவான தரவை யார் வைத்துக்கொள்வது, வெளியிடுவதா என்பதும் அதே ஒப்புதலில் வர வேண்டும். வெளியிட முடிந்தால் அதுவே அடுத்த ஆண்டுக்கான விதை.

பழைய_ஆண்டெனா:

இதையும் முன்மொழிவிலேயே எழுதுங்கள். ஒர்க்‌ஷாப் சேருக்கு இது சுமையாகத் தெரியாது. இவர்கள் உண்மையிலேயே நடத்தத்தான் போகிறார்கள் என்று தெரியும்.

கட்டுரை எண்ணிக்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். "20 முதல் 30 வரை எதிர்பார்க்கிறோம்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் நம்புவதில்லை. சிஎஸ்ஐ சேகரிக்கும் குழுக்களின் பட்டியல் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "இப்படி ஒன்று நடந்தால் வருவீர்களா" என்று கேளுங்கள். வந்த பதில்களை வைத்து எழுதுங்கள். சிறிய எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. குறைவாக வந்தால் என்ன செய்வீர்கள் என்பதற்கும் விடை வேண்டும். சில மாநாடுகள் கட்டுரை போதாத ஒர்க்‌ஷாப்பை நிறுத்திவிடும், இல்லையென்றால் இன்னொன்றோடு சேர்க்கச் சொல்லும்.

பணம்: கட்டணமும் அறையும் தேநீரும் மாநாட்டின் பொறுப்பு. சிறப்புப் பேச்சாளருக்குப் பதிவுக் கட்டணம் விலக்குண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், ஒருவரை அழைத்துவிட்டு "நீங்களே கட்டுங்கள்" என்று சொல்ல முடியாது.

துணைஅலை:

மூவரும் பேசித் திருத்தி எழுதிய முதல் பத்தி:

"வை-ஃபை உணர்தல் கட்டுரைகள் பெரும்பாலும் ஆசிரியர்களின் சொந்த அறைகளில், சொந்தக் கருவிகளில் சோதிக்கப்படுகின்றன. அறையும் சிப்பும் ஆளும் மாறும்போது எது நிலைக்கிறது, எது உடைகிறது, ஏன்? இந்த ஒரு கேள்விக்கான அரங்கு இது. மறுசோதனைக் கட்டுரைகள், கருவிகளுக்கிடையேயான ஒப்பீடு, அளவீட்டு முறைகள், பொதுத் தரவுகள் ஆகியவற்றை வரவேற்கிறோம். புதிய பயன்பாடுகளை மட்டும் முன்வைக்கும் கட்டுரைகள் இங்கே பொருந்தா. பங்கேற்கும் குழுக்கள் ஒர்க்‌ஷாப் ஹாலிலேயே, ஒரே டிரான்ஸ்மிட்டரின் கீழ், பொதுச் சோதனையில் கலந்துகொள்ளலாம்."

பேசுபொருள் பட்டியலை ஐந்தாகக் குறைத்தோம். ரேடார், ஒலி, 6ஜி எல்லாம் போய்விட்டன. பேராசிரியருக்குத்தான் 6ஜியை விட மனமில்லை.

எட்டாம்_அடுக்கு:

"பொருந்தா" என்ற வரி எனக்குப் பிடித்திருக்கிறது. எதை ஏற்க மாட்டோம் என்று சொல்லும் முன்மொழிவு அபூர்வம். 6ஜி போனது போனதாகவே இருக்கட்டும், அவருக்கு நிகழ்ச்சித் தலைமையைக் கொடுத்துச் சமாளியுங்கள்.

கடைசிமைல்:

சோதனையில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்காதீர்கள். அறிவித்தால் தோற்க வாய்ப்புள்ளவர் வர மாட்டார், நாம் பேச விரும்புவதே அவரைப் பற்றித்தான்.

துணைஅலை:

அனுப்பினோம், பதிலும் வந்துவிட்டது. ஏற்றுக்கொண்டார்கள், இரண்டு நிபந்தனையோடு. முழு நாளுக்கு அறை இல்லை, அரை நாள்தான். இன்னொன்று, ரேடார் உணர்தல் பற்றி வேறொரு குழுவும் முன்மொழிந்திருக்கிறதாம், அவர்களோடு சேரலாமா என்று யோசிக்கச் சொல்கிறார்கள். இரண்டாவது கட்டாயமில்லை.

பழைய_ஆண்டெனா:

அரை நாளை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் ஆண்டு ஒர்க்‌ஷாப்புக்கு நிறைந்த அரை நாள், காலி நாற்காலிகளோடு ஓடும் முழு நாளைவிட மேல். இணைப்பு விஷயத்தில் அவர்களுடைய அழைப்பை வாங்கிப் படியுங்கள். அவர்களும் "அறை மாறினால் என்ன" என்று கேட்பவர்களாக இருந்தால் சேருங்கள். நீங்கள் முதலில் எழுதியது போன்ற பட்டியல் என்றால், நன்றி சொல்லித் தனியாக நில்லுங்கள்.

துணைஅலை:

படித்தோம். பட்டியல்தான். பணிவாக மறுத்துவிட்டோம். ஆனால் பக்கத்துப் பக்கத்து அறையில் காலை அவர்கள், மதியம் நாங்கள் என்று கேட்டிருக்கிறோம், வந்தவர்கள் இரண்டையும் பார்க்கலாம். சிறப்புரையை எடுத்துவிட்டோம், சோதனைக்கு முக்கால் மணி நேரம், அதைப் பற்றிய பேச்சுக்கு முக்கால் மணி நேரம், மீதி கட்டுரைகளுக்கு.

ரவுட்டர்காரன்:

மதியம் நீங்கள் என்றால் காலையில் அந்த மாடியில் அவர்களுடைய ரேடார் டெமோ ஓடிக்கொண்டிருக்கும். 60 கிகாஹெர்ட்ஸ் என்றால் உங்களுக்குத் தொல்லையில்லை, ஆனால் அவர்கள் திரைக்கு வீடியோ அனுப்புவது 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையிலா என்று கேட்டு வையுங்கள். சேனல் அனுமதிக் கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள்.

மின்மினி:

அழைப்பு வெளியானதும் இணைப்பை இங்கேயே போடுங்கள் அண்ணா. எங்கள் ஆய்வகத்தில் 5 கிகாஹெர்ட்ஸிலும் ஓடும் ஈஎஸ்பி32-சி5 பலகைகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன, நாங்கள் வருகிறோம்.